நான்காவது எழுத்தைக் கவனியுங்கள்! ஹைப்பர், ஹைப்போ: வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு மருத்துவச் சொல் பட்டியல்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பாட்டு கேட்கிறோம், படம் பார்க்கிறோம், கரண்ட் பில் கட்டுகிறோம். வேறு என்ன உருப்படியாகச் செய்யலாம்?" என்பார்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப் போவது மிகச் சிறிய வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். ஆனால் இதை முன்பே செய்து வைத்திருந்தால், போன வருடம் ஒரு பௌர்ணமி இரவில் என் அப்பாவை அந்த அபாயத்தில் நிறுத்தியிருக்க மாட்டேன். அதனால் முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் சொந்த ஊர் திருவண்ணாமலை. பொறியியல் படித்துவிட்டுச் சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். அப்பா பல வருடம் போட்டோ ஸ்டுடியோ நடத்தியவர். சர்க்கரை நோய்க்காக மாத்திரை சாப்பிட்டு வருகிறார். அன்று பௌர்ணமி. அப்பாவும் அம்மாவும் 14 கிலோமீட்டர் கிரிவலம் கிளம்பிவிட்டார்கள். அப்பா மாலை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். "நடந்து முடித்துவிட்டுச் சாப்பிடலாம்" என்று இரவுச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டார். வாயு லிங்கத்தைத் தாண்டிக் குபேர லிங்கம் போகும் வழியில் அவருக்குக் கை நடுங்கியது, சட்டை நனையும் அளவுக்கு வியர்த்தது, பேச்சு குழறியது. அம்மா எனக்குப் போன் செய்தார்.

"டேய் கண்ணா, போன மாசம் டாக்டர் எழுதின சீட்டு பையில இருக்குடா. அதுல ஏதோ வரும், ஜாக்கிரதைன்னு போட்டிருக்கார். எச், ஒய், பி... அப்புறம் கிறுக்கலா இருக்கு. கடைசியில கிளைசீமியான்னு முடியுது. அப்படின்னா என்னடா?"

லேப்டாப் என் எதிரில் திறந்திருந்தது. தேடு பெட்டியில் எச், ஒய், பி என்று மூன்று எழுத்து டைப் செய்தேன். கீழே ஒரு பட்டியல் விழுந்தது. அதில் 'ஹைப்பர்கிளைசீமியா' கண்ணில் பட்டது. கிளிக் செய்தேன். 'இரத்தத்தில் சர்க்கரை அளவு கூடுதல்' என்று இருந்தது.

"அம்மா, சர்க்கரை ஏறியிருக்கு. டீ, ஜூஸ் எதுவும் குடுக்காதே. தண்ணி மட்டும் குடு" என்றேன்.

பக்கத்தில் ஒருவர் அன்போடு நீட்டிய பானகத்தை அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டார், நான் சொன்னேன் என்பதற்காக. நல்ல வேளையாக, பௌர்ணமிக்காக வழியில் போட்டிருந்த மருத்துவ முகாம் சற்றுத் தூரத்தில்தான் இருந்தது. அங்கிருந்த நர்ஸ் அப்பாவின் விரலில் குத்திப் பார்த்தார். 54 என்று காட்டியது. "யாரும்மா இனிப்பு குடுக்கக் கூடாதுன்னு சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே சர்க்கரை கரைத்த தண்ணீரைக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் அப்பா தெளிந்துவிட்டார்.

டாக்டர் எழுதியிருந்தது 'ஹைப்போகிளைசீமியா'. அதாவது, சர்க்கரை குறைதல். நான் சொன்னது அதற்கு நேர் எதிர். ஆங்கிலத்தில் இரண்டு சொல்லுக்கும் முதல் மூன்று எழுத்தும் ஒன்று; கடைசிப் பகுதியும் ஒன்று. நான்காவது எழுத்தில்தான் பாதை பிரிகிறது. 'இ' வந்தால் ஹைப்பர். 'ஓ' வந்தால் ஹைப்போ. நான் மூன்றாவது எழுத்திலேயே நின்றுவிட்டேன்.

முன்னொட்டு என்றால் என்ன?

ஒரு சொல்லுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு அதன் பொருளை மாற்றும் பகுதியை முன்னொட்டு என்கிறோம். தமிழில் சொல்லின் பின்னால் ஒட்டுவதுதான் அதிகம். வீடு, வீட்டில், வீட்டிலிருந்து என்று போகும். கிரேக்க, லத்தீன் மொழிகளில் முன்னால் ஒட்டுவது மிக அதிகம். மருத்துவ, அறிவியல் சொற்கள் பெரும்பாலும் அந்த இரு மொழிகளில் இருந்து வந்தவை. அதனால் நமக்கு அவை நீளமாகவும் பயமாகவும் தெரிகின்றன.

உண்மையில் அவை ரயில் பெட்டிகள் மாதிரிதான். தனித் தனியாகக் கழற்றிப் பார்க்கலாம். ஹைப்போகிளைசீமியாவை எடுத்துக்கொள்வோம்.

ஹைப்போ: கீழே, குறைவாக.
கிளைக்: இனிப்பு. இங்கு சர்க்கரை.
ஈமியா: இரத்தத்தில்.

மூன்றையும் சேர்த்தால் 'இரத்தத்தில் சர்க்கரை குறைவு'. முதல் பெட்டியைக் கழற்றி ஹைப்பரை மாட்டினால் 'இரத்தத்தில் சர்க்கரை மிகுதி'. ஹைப்பர் என்றால் கிரேக்க மொழியில் மேலே, அளவுக்கு மேல் என்று பொருள்.

நம்மிடம் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. மிகை, மிகு, உயர் ஆகியவை ஹைப்பருக்கும், குறை, தாழ், கீழ் ஆகியவை ஹைப்போவுக்கும் பொருந்துகின்றன. நோய் வருவது மிகுவதாலும் குறைவதாலும்தான் என்ற கருத்து திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் முதல் குறளிலேயே, அதாவது 941ஆம் குறளிலேயே இருக்கிறது. தமிழில் 'மிகை' என்பதையும் 'குறை' என்பதையும் யாரும் காதில் மாற்றிக் கேட்க மாட்டார்கள். ஹைப்பரும் ஹைப்போவும் அப்படி இல்லை. போனில் கேட்டால் இரண்டும் ஒன்று போலவே ஒலிக்கும். இதுதான் பிரச்னை.

வீட்டில் அடிக்கடி காதில் விழும் ஜோடிகள்

கீழே கொடுத்திருப்பவை லேப் ரிப்போர்ட்டிலும் டாக்டர் சீட்டிலும் நீங்கள் சந்திக்கக் கூடியவை. எண்கள் பெரியவர்களுக்கு உரிய பொதுவான அளவுகள். உங்கள் லேப் ரிப்போர்ட்டில் பக்கத்திலேயே அவர்கள் பயன்படுத்தும் அளவு அச்சிடப்பட்டிருக்கும். அதையும் பாருங்கள்.

1. ஹைப்பர்கிளைசீமியா, ஹைப்போகிளைசீமியா: இரத்தத்தில் சர்க்கரை மிகுதி, சர்க்கரைக் குறைவு. சர்க்கரை நோயாளிக்கு டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் குறைவு என்று கொள்கிறார்கள். 54க்குக் கீழே போனால் அது அவசரம். அப்பா அந்தக் கோட்டின் மேலேயே நின்றிருந்தார்.

2. ஹைப்பர்டென்ஷன், ஹைப்போடென்ஷன்: உயர் இரத்த அழுத்தம், தாழ் இரத்த அழுத்தம். மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90க்குக் குறையாமல் தொடர்ந்து இருந்தால் உயர் அழுத்தம் என்பது பல காலமாக உள்ள வரையறை. 90க்கு 60 என்பதற்குக் கீழே இருந்தால் தாழ் அழுத்தம்.

3. ஹைப்பர்தைராய்டிசம், ஹைப்போதைராய்டிசம்: தைராய்டு மிகைச் சுரப்பு, தைராய்டு குறைச் சுரப்பு. இதில் ஒரு பொறி இருக்கிறது. கீழே தனியாகச் சொல்கிறேன்.

4. ஹைப்பர்நேட்ரீமியா, ஹைப்போநேட்ரீமியா: இரத்தத்தில் சோடியம் மிகுதி, குறைவு. சோடியத்தின் லத்தீன் பெயர் நேட்ரியம். ரிப்போர்ட்டில் சோடியத்தைக் குறிக்க 'என்', 'ஏ' என்ற எழுத்துக்கள் வருவதன் காரணம் இதுதான். லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை சரியான அளவு.

5. ஹைப்பர்கேலீமியா, ஹைப்போகேலீமியா: பொட்டாசியம் மிகுதி, குறைவு. லத்தீன் பெயர் கேலியம். குறியீடு 'கே'. சுமார் 3.5 முதல் 5 வரை சரியான அளவு. இரண்டு பக்கம் விலகினாலும் இதயத் துடிப்பைப் பாதிக்கும்.

6. ஹைப்பர்தெர்மியா, ஹைப்போதெர்மியா: உடல் வெப்பம் மிகுதல், குறைதல். உடலின் உள் வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் ஹைப்போ.

தைராய்டு பொறி

தைராய்டு ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். என்று ஓர் எண் வரும். ஒருவருக்கு இந்த எண் அதிகமாக இருந்து, டாக்டர் 'ஹைப்போ' என்று எழுதியிருந்தால் நாம் குழம்பிவிடுவோம். எண் ஏறியிருக்கிறது, பெயர் மட்டும் குறைவு என்கிறதே!

டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பியிலிருந்து வருவதில்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைப் பார்த்து "இன்னும் சுரந்து கொடு" என்று அனுப்பும் உத்தரவு அது. தைராய்டு சோம்பினால் உத்தரவு கூடும். ஆகவே டி.எஸ்.எச். ஏறினால் பெரும்பாலும் தைராய்டு குறைந்திருக்கிறது என்று பொருள். முன்னொட்டு எதைப் பற்றிச் சொல்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இங்கு ஹைப்போ என்பது சுரப்பியைப் பற்றியது. அச்சிட்ட எண்ணைப் பற்றியது அல்ல.

ஹைப்போ எப்போதும் 'குறைவு' அல்ல

ஹைப்போவுக்கு இரண்டு பொருள் என்று சொன்னேன் அல்லவா? குறைவு என்பது ஒன்று. கீழே, அடியில் என்ற இடப் பொருள் இன்னொன்று.

ஹைப்போடெர்மிக் ஊசி என்றால் தோலுக்கு அடியில் போடும் ஊசி. ஹைப்போதலாமஸ் என்பது மூளையில் தலாமஸ் என்ற பகுதிக்குக் கீழே இருக்கும் பகுதி. ஹைப்போதிசிஸ் என்றால் அடியில் வைத்தது, அதாவது ஒரு வாதத்துக்கு அடித்தளமாக வைக்கும் கருதுகோள். பள்ளியில் படித்த ஹைப்பாட்டனியூஸ், அதாவது கர்ணம், செங்கோணத்துக்கு அடியில் நீட்டிய கோடு. நம் கீ போர்டில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹைபன் கீ கூட இந்தக் குடும்பம்தான். கிரேக்கத்தில் 'ஒன்றின் கீழ்' என்று பொருள். இரண்டு சொற்களை ஒன்றாக்குவதால் அந்தப் பெயர்.

குடும்பத்தில் இல்லாத போலிகளும் உண்டு. ஹிப்னாசிஸ் என்ற சொல் தூக்கத்துக்கான கிரேக்கச் சொல்லில் இருந்து வந்தது. ஹிப்போபொட்டாமஸ் என்ற நீர்யானையில் உள்ள ஹிப்போ, குதிரை. அதன் பெயருக்கு 'ஆற்றுக் குதிரை' என்று அர்த்தம். ஆங்கில ஸ்பெல்லிங்கில் இதற்கு 'ஒய்' வராது, 'ஐ' வரும்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "எனக்குத் தெரிஞ்ச ஹைப்போ வேறடா" என்றார். டார்க் ரூமில் போட்டோ கழுவும்போது படம் கறுத்துப் போகாமல் நிலைக்க வைக்கும் கரைசலுக்கு ஹைப்போ என்றுதான் பெயர். வேதியியல் பெயர் சோடியம் தயோசல்பேட். ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கில விஞ்ஞானி, இது வெள்ளி உப்புக்களைக் கரைக்கும் என்று 1819ல் கண்டறிந்தார். அந்தக் காலத்தில் இதை ஹைப்போசல்பைட் என்று அழைத்தார்கள். பெயர் பின்னர் மாறிவிட்டது. செல்லப் பெயர் மட்டும் ஸ்டுடியோக்களில் தங்கிவிட்டது. அந்தச் சீட்டை அப்பாவே படித்திருந்தால் 'ஹைப்போ' என்று சரியாகப் படித்திருப்பார். நான்தான் தவறு செய்தேன்.

கம்ப்யூட்டருக்குள்ளும் ஹைப்பர்

நம் துறையிலும் இந்த முன்னொட்டு இருக்கிறது. ஒரு சொல்லைக் கிளிக் செய்தால் வேறு பக்கத்துக்குப் போகிறோமே, அதற்கு ஹைப்பர்லிங்க் என்று பெயர். ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற சொல்லை உருவாக்கி 1965ல் வெளியிட்டவர் டெட் நெல்சன். 1989ல் டிம் பெர்னர்ஸ் லீ வைய விரிவு வலைக்கான திட்டத்தை எழுதியபோது இந்தக் கருத்தையே அடிப்படையாகக் கொண்டார். இணைய தள முகவரியின் தொடக்கத்தில் வரும் எச்.டி.டி.பி.யில் முதல் 'எச்' ஹைப்பர்தான். சாதாரண எழுத்துக்கு அப்பால் போகும் எழுத்து என்ற பொருளில் தமிழில் இதனை மீயுரை என்றும், ஹைப்பர்லிங்க்கை மீயிணைப்பு என்றும் சொல்கிறோம். 'மீ' என்பது மேல் என்ற பொருள் தரும் பழைய தமிழ்ச் சொல். ஆக, ஒரே ஹைப்பர் மருத்துவத்தில் 'மிகை', 'உயர்' என்றும், கம்ப்யூட்டரில் 'மீ' என்றும் வந்திருக்கிறது.

தமிழில் இந்த வேலை புதிதல்ல

மருத்துவச் சொல்லைத் தமிழில் விளக்கும் முயற்சி கம்ப்யூட்டருக்கு வெகு காலம் முன்பே தொடங்கிவிட்டது. அமெரிக்க மிஷன் டாக்டரான சாமுவேல் பிஸ்க் கிரீன் 1847ல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். பிறகு பாடத்தையே தமிழில் நடத்தினார். உடற்கூறு, அறுவை, பிரசவ மருத்துவம் ஆகியவற்றில் ஆங்கில நூல்களைத் தமிழாக்கினார். மாணவர்களுக்காகச் சொல் பட்டியல்களும் தயாரித்தார். 1875ல் அவர் முயற்சியில் வந்த வேதியியல் நூலின் பெயர் கெமிஸ்தம். வெளிநாட்டுச் சொல்லுக்குத் தமிழ் வால் ஒட்டிய பெயர்.

1916ல் சேலத்தில் ராஜாஜி முதலியோர் அறிவியல் சொற்களுக்காகவே ஒரு சங்கம் தொடங்கினார்கள். பின்னாளில் யுனெஸ்கோ கூரியர் தமிழ் இதழின் ஆசிரியராக இருந்த மணவை முஸ்தபா மருத்துவம், கம்ப்யூட்டர் இரண்டு துறைக்கும் கலைச்சொல் களஞ்சியங்கள் தொகுத்தார். 2001ல் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், இப்போது தமிழ் இணையக் கல்விக்கழகம் என்ற பெயரில் இயங்குகிறது. அதன் தளத்தில் துறை வாரியாகக் கலைச்சொற்கள் கிடைக்கின்றன. 2004ல் தொடங்கிய தமிழ் விக்சனரி இன்னொரு நல்ல இடம். அதில் சிறப்புப் பக்கங்கள் என்ற பகுதிக்குச் சென்றால், நாம் கொடுக்கும் எழுத்துக்களில் தொடங்கும் எல்லாச் சொற்களையும் பட்டியலிடும் வசதி இருக்கிறது. ஹைப்போவுக்கு உரிய நான்கு ஆங்கில எழுத்துக்களை டைப் செய்து பாருங்கள். மொத்தக் குடும்பமும் வந்து நிற்கும்.

இனி நம் பட்டியலைத் தயாரிப்போம்

இதற்கு எக்செல் போதும். அது இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம்.

முதலில் தமிழில் டைப் செய்ய வழி செய்து கொள்ளுங்கள். விண்டோஸ் 11ல் ஸ்டார்ட் கிளிக் செய்து செட்டிங்ஸ் செல்லவும். டைம் அண்ட் லாங்வேஜ், பின்னர் லாங்வேஜ் அண்ட் ரீஜியன் என்பதில் ஆட் எ லாங்வேஜ் கிளிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுக்கவும். பிறகு தமிழுக்கு நேரே உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து லாங்வேஜ் ஆப்ஷன்ஸ் சென்று கீ போர்டைத் தேர்ந்தெடுக்கவும். தட்டச்சு கற்றுக்கொள்ள விருப்பம் உள்ளவர்கள் தமிழ் 99 எடுக்கலாம். ஆங்கில எழுத்தில் ஒலிப்படி அடிக்க விரும்புபவர்கள் பொனெட்டிக் எடுக்கலாம். அதன் பின் விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலமும் தமிழும் மாறி மாறி வரும்.

இப்போது புதிய பைல் ஒன்றைத் திறந்து ஐந்து நெட்டு வரிசைகளுக்குத் தலைப்பு கொடுங்கள்.

ஒன்று: முழுச் சொல், ஆங்கிலத்தில்.
இரண்டு: முன்னொட்டு.
மூன்று: மீதிப் பகுதி.
நான்கு: தமிழில் பொருள்.
ஐந்து: உடனே செய்ய வேண்டியது. இதை உங்கள் டாக்டரிடம் கேட்டு மட்டுமே நிரப்புங்கள்.

மேலே சொன்ன ஆறு ஜோடிகளையும் டைப் செய்யுங்கள். பிறகு வீட்டில் உள்ள பழைய ரிப்போர்ட்டுகளை எடுத்து அவற்றில் வரும் சொற்களைச் சேருங்கள்.

முழுச் சொல்லையும் முன்னொட்டையும் ஏன் தனித் தனியாகப் பிரிக்க வேண்டும்? காரணம் இருக்கிறது. முதல் வரிசையைக் கொண்டு அகர வரிசைப்படுத்தினால் ஹைப்பர் எல்லாம் ஒரு கூட்டமாகவும், ஹைப்போ எல்லாம் இன்னொரு கூட்டமாகவும் நிற்கும். எந்தச் சொல் எதற்கு எதிர் என்று தெரியாது. டேட்டா மெனுவில் சார்ட் கிளிக் செய்து மூன்றாவது வரிசையைக் கொடுத்துப் பாருங்கள். கிளைசீமியாவும் கிளைசீமியாவும், டென்ஷனும் டென்ஷனும் அடுத்தடுத்து வந்து நிற்கும். எது ஆபத்தான ஜோடி என்பது கண்ணுக்குத் தெரியும். ஹைப்பர் வரிகளுக்குச் சிவப்பும், ஹைப்போ வரிகளுக்கு நீலமும் நிறம் கொடுங்கள்.

தலைப்பு வரிசையில் கர்சரை வைத்து கண்ட்ரோல், ஷிப்ட், எல் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒவ்வொரு தலைப்பிலும் சிறிய அம்புக்குறி தோன்றும். எக்செல்லில் அதைக் கிளிக் செய்து டெக்ஸ்ட் பில்டர்ஸ், பிகின்ஸ் வித் என்று சென்று நான்கு எழுத்துக்களைக் கொடுத்தால் அந்த முன்னொட்டில் தொடங்கும் சொற்கள் மட்டும் தெரியும்.

ரிப்போர்ட் உங்களுக்கு வேர்ட் பைலாக வந்திருந்தால் இன்னும் எளிது. கண்ட்ரோல், எச் அழுத்தி, பைண்ட் டேப்பைத் தேர்ந்தெடுத்து, மோர் என்ற பட்டனைக் கிளிக் செய்திடவும். கீழே மேட்ச் பிரிபிக்ஸ் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் செய்து தேடினால் அந்த எழுத்துக்களில் தொடங்கும் சொற்களை மட்டும் வேர்ட் தேடித் தரும்.

தேடும்போது கடைப்பிடிக்க வேண்டிய நான்கு விஷயங்கள்

1. தேடு பெட்டி தானாக நீட்டும் சொற்களை நம்பி கிளிக் செய்யாதீர்கள். நாம் தேடும் சொல் எது என்று அதற்குத் தெரியாது. பலர் தேடியதை, நாம் முன்பு தேடியதை வைத்து ஊகிக்கிறது. மருத்துவச் சொல்லைக் கடைசி எழுத்து வரை டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

2. மைக்கில் பேசித் தேடினால் திரையில் என்ன எழுத்து விழுந்திருக்கிறது என்று ஒரு முறை படித்துப் பாருங்கள். ஹைப்போ, ஹைப்பர் இரண்டையும் மனிதக் காதே மாற்றிக் கேட்கிறது.

3. சீட்டைப் படம் எடுத்து எழுத்தை உருவும் வசதி இப்போது போன்களில் இருக்கிறது. அச்செழுத்துக்கு நன்றாக வேலை செய்யும். டாக்டரின் கையெழுத்தை அது தவறாகப் படிக்கலாம். சந்தேகம் இருந்தால் மருந்துக் கடைக்காரரிடம் அல்லது டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

4. எண்ணுக்குப் பின்னால் வரும் அலகின் முன்னொட்டையும் பாருங்கள். தைராய்டு மாத்திரைகள் மைக்ரோகிராமில் வருகின்றன. மற்ற பல மாத்திரைகள் மில்லிகிராமில் வருகின்றன. மில்லியும் மைக்ரோவும் பக்கத்துப் பக்கத்து வீடு மாதிரித் தோன்றும். இடையில் உள்ள வித்தியாசம் 1000 மடங்கு.

கடைசியாக, சர்க்கரை பற்றி

இந்தப் பட்டியல் டாக்டர் வேலைக்கு மாற்று அல்ல. ஆனால் ஒரு விஷயத்தை மட்டும் எல்லார் வீட்டிலும் எழுதி ஒட்டி வைக்கலாம். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், சாப்பாடு தவறிய பின் நடுங்கி, வியர்த்து, குழம்பினால் அது பெரும்பாலும் ஹைப்போ. கருவி இருந்தால் உடனே அளந்து பாருங்கள். நினைவோடு விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் 15 கிராம் அளவு, அதாவது சுமார் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108ஐ அழைக்க வேண்டும். அளக்கக் கருவி இல்லை, ஏற்றமா இறக்கமா என்று தெரியவில்லை என்றாலும் சர்க்கரை கொடுப்பதே பாதுகாப்பு. ஏறியிருக்கும் சர்க்கரை இன்னும் கொஞ்சம் ஏறினால் உடனே பெரிய தீங்கு வராது. இறங்கியிருப்பது இன்னும் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அன்று இரவு இது எனக்குத் தெரிந்திருந்தால் சீட்டில் என்ன எழுதியிருந்தது என்று தேடவே தேவையில்லை.

எங்கள் வீட்டுப் பட்டியலில் இப்போது 38 சொற்கள் இருக்கின்றன. பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்து பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். அம்மாவின் போனிலும் ஒரு காப்பி இருக்கிறது. ஐந்தாவது வரிசையை அடுத்த முறை செக்கப் போனபோது டாக்டரிடம் காட்டி அம்மாவே நிரப்பிக்கொண்டு வந்தார். அப்பா இப்போது டாக்டர் சொன்னபடி, சாப்பிட்டுவிட்டுத்தான் கிரிவலம் கிளம்புகிறார். சட்டைப் பையில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கிறது. அந்தப் பாக்கெட்டின் மேல், பழைய ஸ்டுடியோ பழக்கத்தில், மார்க்கர் பேனாவால் 'ஹைப்போ' என்று எழுதி வைத்திருக்கிறார்.

நீங்களும் இந்த வாரமே பட்டியலைத் தொடங்கிவிடுங்கள். முதலில் ஆறு ஜோடி போதும். மீதியை உங்கள் வீட்டு ரிப்போர்ட்டுகளே சொல்லிவிடும்.